ராஜா மஹால் வாசல் வரைக்கும்

அக்கா,

இன்று காலை இருநூற்று நான்காம் அறையில் கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டு இழுத்தபோது ஒரு காகிதம் வெளியே வந்தது. நாம் வைத்திருந்தது அல்ல. அது மடித்து மடித்து நான்கு துண்டாகிவிட்டதே. இது புதியது, ஒரே ஒரு மடிப்புத்தான் விழுந்திருந்தது. ஆனால் அதே படம். முன்னால் புல்தரை, பின்னால் பாறை மலை, நடுவில் மூன்று அடுக்காக நிற்கும் சந்திரகிரி ராஜா மஹால். பினாயில் வாளியைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அறையில் இருந்தவர்கள் திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பம். காலையில் அந்த அம்மா நடைவழியில் என்னை நிறுத்தி, "ஏம்மா, மலைக்குப் போய் சாமி பாத்தாச்சு. ரயிலு சாயங்காலந்தான். இந்த ஊர்ல வேற இன்னா பாக்கலாம்?" என்று கேட்டார். கை நிறைய அழுக்குப் படுக்கைவிரிப்புகளோடு நின்றேன். எனக்குத் தெரியாத பதிலா அது? எதற்குப் பின் எது, எப்படிப் போவது, எப்போது நடை சாத்துவார்கள் என்பதுவரை தெரியும். வாய் திறக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "தெலுங்குப் பொண்ணு போல" என்று கணவரிடம் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

நீ இருந்திருந்தால் அவர்களை அங்கேயே அரை மணி நேரம் நிறுத்தி வைத்திருப்பாய்.

இந்தக் கடிதத்தை உன்னால் படிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோதும் உனக்கு எழுத்து தெரியாது. நான் படிப்பேன், நீ கேட்பாய். அந்தப் பழக்கத்தில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நம் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுகிறேன். மதிய இடைவேளை. மாடியில் துவைத்த விரிப்புகள் காய்கின்றன. கேட்க யாரும் இல்லை.

நான் இந்த லாட்ஜுக்கு வந்த முதல் நாள் உனக்கு நினைவிருக்கிறதா? என்று எழுதப் போனேன். நினைவு என்பது இனிமேல் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பதால் நானே சொல்கிறேன்.

நகரியில் எங்கள் வீட்டு முன்கட்டில் இரண்டு பவர்லூம் ஓடியது. அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அம்மா சாப்பிடக் கூப்பிடுவது கையால், நைனா நூல் கேட்பது கண்ணால். நான் பேசாத பெண்ணாக வளர்ந்ததற்கு அதுதான் காரணம் என்று நீ சொல்வாய். இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துபோய், ஒன்பதாவதில் எங்களைத் தெலுங்கு வகுப்போடு சேர்த்து உட்கார வைத்தார்கள். ஒரு நாள் டீச்சர் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டார். பதில் தமிழில் தெரியும். தெலுங்கில் அது நாக்குக்கு வரவில்லை. நின்றேன். வகுப்பு சிரித்தது. அதற்கப்புறம் இரண்டு வாரம் போனேன், பிறகு போகவில்லை. அதற்குள் தறிகளும் வீட்டைவிட்டுப் போயிருந்தன. யாரும் என்னைப் பள்ளிக்கூடம் போகச் சொல்லவில்லை. தெரிந்தவர் ஒருவர் திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில் வேலை இருக்கிறது என்றார். வந்தேன்.

நீ மூன்றாம் மாடிப் படியில் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

"பேரு இன்னா?"

சொன்னேன்.

"இன்னா? காத்து வருதா, பேச்சு வருதா?"

மறுபடி சொன்னேன்.

"சரி வுடு. ஊமச்சின்னு வெச்சிக்கறேன். நீயா வாயத் தொறந்து, 'அப்பிடிக் கூப்புடாத'ன்னு சொல்ற வரிக்கும் அதான் உன் பேரு."

நான் சொல்லவே இல்லை. கடைசிவரை அதுதான் என் பெயர். இப்போது அந்தப் பெயரில் கூப்பிட ஆளில்லை. என் உண்மைப் பெயரைச் சொல்லி மேனேஜர் கூப்பிடும்போதெல்லாம் யாரையோ கூப்பிடுகிறார் என்று ஒரு நொடி நின்றுவிடுகிறேன்.

நீ என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவள். குப்பத்துக்குப் பக்கத்தில் குடுபல்லிக்காரி. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, எல்லை தாண்டினால் கன்னடம், எதிலும் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் எந்த பாஷைக்காரர் வந்தாலும் அவரைச் சிரிக்க வைத்துத்தான் அனுப்புவாய். எனக்கு இரண்டு பாஷையிலும் எழுத்து தெரியும், எதிலும் பேச வராது.

எனக்கு எழுத்து தெரியும் என்பதை, அந்தப் பழைய காகிதம் கிடைத்த நாளில்தான் நீ கண்டுபிடித்தாய். யாரோ யாத்ரீகர் விட்டுப்போனது. ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்கள், படத்தோடு. நீ ராஜா மஹால் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "இது எந்தூரு அரண்மனடி? ஐதராபாத்தா?" என்றாய். நான் எழுத்துக் கூட்டித் தெலுங்கைப் படித்துத் தமிழில் சொன்னேன். "இங்கதான் அக்கா. சந்திரகிரி. பஸ்ல கொஞ்ச நேரம்." நீ வாயைப் பிளந்தாய். மஹாலைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

"அடிப்பாவி! உனக்கு இத்தினி படிக்கத் தெரியுமா? இனிமே நீ படி, நான் பேசறேன். நம்ம ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு மனுஷி தேறும்."

அன்றிலிருந்து நீ பேச ஆரம்பித்தாய். மலைக்குப் போய்வந்து ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ நேரம் இருக்கிறவர்கள் அறை வாசலில் நின்று, வேறு என்ன இருக்கிறது என்று கேட்டால் போதும்.

"மொதல்ல கோவிந்தராஜ சாமி கோபுரம் பாருங்க. ஏழு நெல. எங்கருந்து பாத்தாலும் தெரியும், ஆனா கிட்டப் போய் பாத்தாத்தான் கழுத்து வலி வரும். அப்பறம் கபில தீர்த்தம். மழ பேஞ்சிருந்தா மலையிலருந்து தண்ணி கொட்டும், பேயலன்னா கொளத்த மட்டும் பாத்துக்கினு வாங்க. திருச்சானூர்ல தாயாரப் பாக்காத போயிடாதீங்க. பெருமாளு, 'எங்க வூட்டுக்காரியப் பாத்தியா'ன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க? கடசியா சந்திரகிரி ராஜா மஹாலு. மூணு மாடி, ஒரு கட்ட கெடையாது. கல்லு, செங்கல்லு, சுண்ணாம்பு, அவ்ளோதான். தச்சன் வந்தான்னா பட்டினிதான்."

எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு தாத்தா, "நீ எத்தன வாட்டி போயிருக்கேம்மா?" என்று கேட்டார். "அதுக்குக் கணக்கு ஏதுங்க!" என்றாய். நான் குனிந்து தரையைத் துடைத்தேன். இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் நீ ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மேனேஜர் சார் ஓங்கோல் பக்கத்துக்காரர். அவருக்கும் உனக்கும் ஒரு வார்த்தையில்தான் எப்போதும் தகராறு. இதை நான் தள்ளிப்போடாமல் இங்கேயே எழுதிவிட வேண்டும்.

அறை காலியானால் கீழே வந்து சொல்ல வேண்டும். நீ படியிலிருந்தே கத்துவாய்: "சார், ரெண்டு வந்தல நாலு வாள்ளு போயினாரு!" நம் சித்தூர்த் தெலுங்கில் அதற்கு, இருநூற்று நான்காம் அறைக்காரர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள் என்று பொருள். மேனேஜர் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். "அய்யய்யோ, எந்துகம்மா போதாரு? நல்லாத்தானே இருந்தாரு! வெள்ளிபோயாரு அனி செப்பு!" என்பார். அவர்கள் ஏன் போக வேண்டும், 'வெள்ளிபோயாரு' என்று சொல் என்பதுதான் அது. அவர் ஊரில் புறப்பட்டுப் போனவர்களுக்கு 'வெள்ளிபோயாரு'. 'போயாரு' என்றால் செத்துப்போனார்கள். வெறும் 'போயிந்தி' என்றால் அவள் இறந்துவிட்டாள்.

நீ கேட்பவளா? மறுநாள் வேண்டுமென்றே, "சார், மூணாவது மாடி மொத்தம் போயினாரு!" என்று கத்துவாய். வரவேற்பில் நின்றவர்கள் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். அவர் தலையில் அடித்துக்கொள்வார். நான் படிக்கட்டின் இருட்டில் உட்கார்ந்து, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். அந்த வார்த்தையின் இரண்டு பொருளும் எனக்குத் தெரியும் அக்கா. நன்றாகத் தெரியும். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மதிய இடைவேளையில் ஒரு நாள் கோவிந்தராஜ சாமி கோபுரத்துக்கு ஓடிப்போனோம். நீ தலையை அண்ணாந்து நிலைகளை எண்ணினாய். ஆறு வந்தது. மறுபடி எண்ணினாய். ஆறு. "ஒண்ணு எங்கடி போச்சு? ஊருக்கெல்லாம் ஏழுன்னு சொல்லி அனுப்பிட்டனே!" என்றாய். நான் கீழே இருக்கும் நிலையைக் காட்டினேன். நாம் அதன் வாசலை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தோம். கோபுர வாசலின் உட்சுவரில், கோபுரம் கட்டிய ராஜாவும் அவர் மனைவிகளும் கைகூப்பி நிற்கும் சிலை இருக்கிறது. அந்தக் கல்லில் கை வைத்து, "பாரேன், கட்டினவரு வாசல்லயே நிக்கறாரு. அத்தினி பேரும் அவரத் தாண்டிக்கினு உள்ள போறாங்க. அவரு மட்டும் போவல," என்றாய். அன்று அது எனக்கு வெறும் வேடிக்கைப் பேச்சு.

மழை முடிந்த ஒரு நாள் கபில தீர்த்தம் போனோம். மலையிலிருந்து தண்ணீர் நேராகக் குளத்தில் விழுந்துகொண்டிருந்தது. படியில் நின்றால் சாரல் முகத்தில் அடித்தது. அன்று நீ எதுவும் பேசவில்லை. நீ பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மிச்சம் இருந்தது சந்திரகிரி. சனி, ஞாயிறு லாட்ஜில் மூச்சுவிட முடியாது. அதனால் மேனேஜரிடம் நீயே போராடி இருவருக்கும் சேர்த்து ஒரு வெள்ளிக்கிழமை வாங்கினாய். நீ பச்சைப் புடவை கட்டினாய், எனக்கு உன் பாசிமணியைப் போட்டுவிட்டாய். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவிடமும் ராஜா மஹால் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாய். கோட்டைச் சுவரைத் தாண்டி நடந்து போய்ச் சேர்ந்தால், டிக்கெட் கொடுக்கும் ஜன்னல் சாத்தியிருந்தது. காவலாளி கையை ஆட்டினார். வெள்ளிக்கிழமை விடுமுறை.

காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். அடியில், சின்ன எழுத்தில், அந்த வரி இருந்தது. 'வெள்ளிக்கிழமை தவிர.' நான் அதைப் படிக்காமல் விட்டிருக்கிறேன். பெரிய எழுத்துகளை மட்டும் கூட்டிப் படித்துவிட்டு, சின்ன எழுத்துக்குக் கண் வலிக்கிறது என்று விட்டிருக்கிறேன்.

உன் முகத்தைப் பார்க்க பயமாக இருந்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "வெள்ளிக்கெழம எத்தினி பேர அனுப்பி வெச்சிருக்கேன்! அத்தினி பேரும் இங்க நின்னு என்னத் திட்டிக்கினு போயிருப்பாங்க. அதான் எனக்கு விக்கலு நிக்கவே மாட்டேங்குது!" என்றாய். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மஹாலைப் பார்த்தோம். படத்தில் இருப்பதைவிட அழுக்காக, படத்தில் இருப்பதைவிடப் பெரியதாக இருந்தது. வளைவு வளைவாக ஜன்னல்கள். மேலே கோயில் கோபுரம் மாதிரி சின்னச் சின்ன உச்சிகள். "உள்ள மரமே இல்லாத மாடி எப்பிடி நிக்குதுன்னு நான் பாத்தே ஆவணும்டி," என்றாய். திரும்பி வரும்போது கடலை வாங்கித் தின்றுகொண்டே வந்தோம். நீ என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அடுத்த மாதமே உனக்கு ஜுரம் வந்தது. ஐந்து நாள் மாத்திரை போட்டுக்கொண்டே அறை துடைத்தாய். "மேனேஜர்கிட்ட சொன்னியோ, பாரு. ஊருக்கு அனுப்பிடுவாரு," என்றாய். சொல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டமான வேலையா? சொல்லவில்லை. ஆறாவது நாள் படியிலேயே விழுந்தாய்.

அரசு ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் இறங்கிவிட்டது என்றார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தேன். கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கறுத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. ஆனால் வாய் அப்படியே இருந்தது.

"சனிக்கெழம காலைல அனுப்பிடுவாங்க. நேரா சந்திரகிரி போயிடலாம்."

"டாக்டர் சொன்னாரா அக்கா?"

"டாக்டரு இன்னா சொல்றது, நான் சொல்றேன். உனக்கு லீவு குடுக்கலன்னா நான் முன்ன போயி அந்த டிக்கெட்டு ஜன்னல்கிட்ட குந்திக்கினு இருப்பேன். நீ வந்து சேரு. நீ வராத நான் உள்ள போவ மாட்டேன். நான் இல்லாத நீயும் போவக்கூடாது. சத்தியம் பண்ணு."

உன் கையில் அடிக்க இடம் இல்லை. ஊசி இருந்தது. விரல் நுனியைத் தொட்டு சத்தியம் செய்தேன்.

"வெள்ளிக்கெழம இல்ல, ஊமச்சி. சனிக்கெழம. ஞாபகம் வெச்சிக்கோ," என்று சொல்லிச் சிரித்தாய். சிரித்தது வலித்தது போல. கண்ணை மூடிக்கொண்டாய். நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

வெள்ளிக்கிழமை முழுக்க லாட்ஜில் வேலை விடவில்லை. சனிக்கிழமை காலை மேனேஜர் முன்னால் போய் நின்று, முதன்முதலாக வாயைத் திறந்து லீவு கேட்டேன். அவரே ஆச்சரியப்பட்டு, போய் வா என்றார். எட்டு மணிக்கு வார்டில் இருந்தேன். உன் கட்டிலில் வேறொரு பாட்டி படுத்திருந்தார். விரிப்பு புதியது. விரிப்பு மாற்றுகிற வேலை செய்பவள் நான். அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

புது நர்ஸ் ஒருவர் மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். மேனேஜர் பேசுவது போன்ற தெலுங்கு. நான் கட்டிலைக் காட்டி, "அக்கா...?" என்று மட்டும் கேட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பேனாவை வைத்தார்.

"போயிந்தம்மா. தெல்லவாருஜாமுன."

போய்விட்டாள், விடியற்காலையில். இதுதான் என் காதில் விழுந்தது. விடியற்காலையிலேயே எழுந்து, புடவையைச் சுற்றிக்கொண்டு, யாரிடமோ வம்பு பேசி, டிஸ்சார்ஜ் வாங்கி, எனக்கு முன்னால் கிளம்பிவிட்டாய் என்று நினைத்தேன். நீ அப்படிப்பட்டவள்தானே. அந்த நர்ஸ் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். நல்ல நர்ஸ் என்று நினைத்தேன்.

நான் சிரித்தேன் அக்கா. அவரைப் பார்த்து நன்றாகச் சிரித்து, "சரே மேடம்," என்று சொல்லிவிட்டு ஓடினேன். வாசல் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் அப்படியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நீ அதே கட்டடத்தின் பின்பக்கத்தில் இருந்தாய். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். 'எங்கே?' என்று ஒரு வார்த்தை.

சந்திரகிரி டிக்கெட் ஜன்னல் பக்கத்தில் நீ இல்லை. பஸ் கிடைத்திருக்காது, வருவாய் என்று வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தேன். குடும்பம் குடும்பமாக வந்தார்கள். டிக்கெட் வாங்கினார்கள், உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள். ஒரு பெண் தன் தோழியிடம், "ஒரு கட்டகூட இல்லடி, பாத்தியா?" என்று சொல்லிக்கொண்டு போனாள். வெயில் ஏறியது. டிக்கெட்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"எவரி கோசம்மா? யாருக்கு வெயிட் பண்றே?"

"அக்கா வரும்."

"போன் காவாலா? பண்ணிக்கோ," என்று தன் போனை நீட்டினார்.

நம் இருவருக்கும் ஒரே போன், அது உன்னிடம். எண் எனக்கு மனப்பாடம். கையை நீட்டினால் போதும். முன்பின் தெரியாத ஆள், அவர் முன்னால் நின்று பேச வேண்டும், அவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றேன்.

மணி பன்னிரண்டை நெருங்கியது. பிறகு எனக்குக் கோபம் வந்தது. நீ முன்னாலேயே வந்து, தனியாக உள்ளே போய்ப் பார்த்துவிட்டுக் கிளம்பியிருப்பாய் என்று தோன்றியது. அன்று வெள்ளிக்கிழமை வரியைப் படிக்காமல் விட்டதற்காகப் பழி வாங்கிவிட்டாய் என்றுகூட நினைத்தேன். மனதுக்குள் உன்னைத் திட்டினேன். பொய்க்காரி, ஊரை ஏமாற்றுகிறவள், என்னையும் ஏமாற்றிவிட்டாய் என்று. என் வாழ்நாளில் நான் யாரையும் அத்தனை திட்டியதில்லை. செத்துப்போய்ப் பத்து மணி நேரம்கூட ஆகாத உன்னை, மஹாலைப் பார்த்துக்கொண்டே திட்டினேன். ஆனால் உள்ளே போகவில்லை. அந்த ஒரு சத்தியத்தை மட்டும் காப்பாற்றினேன்.

ஐந்து மணிக்கு லாட்ஜுக்கு வந்தபோது மேனேஜர் சார் வாசலிலேயே நின்றிருந்தார்.

"எங்கம்மா போனே நீ? பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலருந்து வண்டி இங்க வந்தது. ஊர்லருந்து வந்திருந்த அவங்க நைனா அவ பெட்டிய எடுத்துக்க வந்தாரு. 'இந்தப் பொண்ணு மூஞ்சி பாக்கட்டும்'னு உனக்காக அர மணி நேரம் நிறுத்தி வெச்சாரு. எங்க தேடியும் நீ இல்ல. அதுக்கு மேல வெச்சிருக்கக் கூடாதுன்னு..."

"அக்கா சந்திரகிரிக்குப் போயிருக்குது சார்," என்றேன். சத்தமாகச் சொன்னேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நர்சம்மா சொன்னாங்க. போயிந்தின்னு சொன்னாங்க."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். எத்தனையோ முறை காதைப் பொத்திக்கொண்டவர், அன்று முகத்தை மூடிக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த வார்த்தை புரிந்தது.

குடுபல்லிக்குப் போகிற வண்டி எந்த வழியாகப் போகும் என்று இரண்டு நாள் கழித்துத்தான் நினைத்துப் பார்த்தேன். சித்தூர் ரோடுதான். சந்திரகிரியைத் தாண்டித்தான் போக வேண்டும். பதினொன்றரைக்கு இங்கிருந்து புறப்பட்ட வண்டி, பன்னிரண்டு மணிக்கு அந்தக் கோட்டைக்குப் பக்கத்து ரோட்டில் போயிருக்கும். நான் கல்லில் உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்த நேரம். சொன்னபடி நீ சனிக்கிழமை சந்திரகிரிக்கு வந்தாய். வந்து, நிற்காமல் போனாய். அந்தப் போனை நான் வாங்கியிருந்தால், உன் நைனாதான் எடுத்திருப்பார். இரண்டு நிமிஷம் வண்டியை நிறுத்தியிருப்பார். நான் ரோட்டுக்கு ஓடிவந்திருப்பேன்.

இதற்குமேல் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் தினமும் யோசிக்கிறேன். படிப்பது என் வேலை என்றாய், அதைச் சரியாகச் செய்யவில்லை. பேசுவதை நீ பார்த்துக்கொண்டாய். கேட்பது ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருந்தது. அதையும் சரியாகக் கேட்கவில்லை.

உன் ஊருக்குப் போய்வரச் சொல்லி மேனேஜர் லீவு கொடுத்தார். போகவில்லை. உன் அம்மா, 'நீ எங்கே இருந்தே?' என்று கேட்டால் என்ன சொல்வேன்? அரண்மனை பார்க்கப் போயிருந்தேன் என்றா?

ஒரு புதன்கிழமை சந்திரகிரிக்கு மறுபடி போனேன். நீ பார்த்தே ஆக வேண்டும் என்ற அந்த மாடியை உனக்குப் பதிலாக நானாவது பார்க்கலாம் என்று நினைத்தேன். அதே டிக்கெட்காரர். என்னை அடையாளம் தெரியவில்லை. "எந்தமந்தி?" என்று கேட்டார். எத்தனை பேர். வாயில் 'ஒண்ணு' என்ற சொல் வந்து நின்றது. எனக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. ஒதுங்கி நின்றேன். கோபுர வாசலில் கைகூப்பி நிற்கும் அந்த ராஜாவைப் போல எல்லாரும் என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். திரும்பி வந்துவிட்டேன். மரமே இல்லாத அந்த மாடி எப்படி நிற்கிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இனிமேல் தெரியவும் வேண்டாம்.

துணி காய்ந்துவிட்டது. கீழே இருந்து மேனேஜர் சார் கூப்பிடுகிறார். திருவண்ணாமலைக்காரர்கள் காலையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டார்களாம், இருநூற்று நான்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறார். நீ போனபிறகு இந்தச் செய்தி சொல்லும் வேலை எனக்கு வந்திருக்கிறது. உன் வார்த்தையை என்னால் சொல்ல முடியாது. அவர் வார்த்தையையும் சொல்லப் பிடிக்கவில்லை. தேடித் தேடி வேறொரு வார்த்தை பிடித்து வைத்திருக்கிறேன். தமிழிலும் அதுதான், தெலுங்கிலும் அதுதான். நம் ஊரிலும் ஓங்கோலிலும் அதற்கு ஒரே பொருள். யாரும் தப்பாகக் கேட்டுவிட்டு எங்கேயும் போய் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

புதுக் காகிதத்தை உன் தலையணை உறைக்குள், அந்த நான்கு துண்டுகளோடு வைத்துவிட்டேன். படியில் பாதி இறங்கி நின்று, நீ கத்துகிற அதே இடத்திலிருந்து, அவர் காதில் விழுகிற அளவுக்குச் சொல்வேன்:

"ரூம் காலி, சார்."